நாய்க்குட்டிக்குக் கார் பழக்கம்: ஊசி முடியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்

கேள்வி இதுதான். மார்த்தாண்டம் பக்கத்தில் வீடு. திருநெல்வேலியில் லேப்ரடார் குட்டி ஒன்றை வாங்கி, காரில் கொண்டுவந்திருக்கிறார்கள். வழியில் இரண்டு தடவை வாந்தி, வீடு வரும்வரை அழுகை. இப்போது வயது ஒன்பது வாரம். கார் கதவைத் திறந்தாலே குட்டி வாசல் நடையில் உட்கார்ந்துவிடுகிறது, இழுத்தாலும் வருவதில்லை. ஊசி எல்லாம் முடிகிறவரை, அதாவது நாலு மாதம் ஆகும்வரை, வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த மாதம் மதுரையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். குட்டியையும் கூட்டிப் போகலாமா, பழக்கத்தை எங்கிருந்து தொடங்குவது?

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. ஊசி முடிகிறவரை குட்டியை வெளியே தரையில் விடக் கூடாது. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ், நோய் வந்த நாயின் மலத்தில் வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெயிலுக்கும் மழைக்கும் லேசில் சாகாது. தெருநாய் நடமாடுகிற ரோட்டோரம், டீக்கடை வாசல், சந்தை என்று எங்கே விட்டாலும் ஆபத்துதான். குட்டிகளுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டே போய், பதினாறு வாரம் வாக்கில்தான் முடியும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

மீதிப் பாதிதான் தவறு. குட்டியின் மூளை புது விஷயங்களை 'இதுவும் இந்த உலகத்தில் உள்ளதுதான்' என்று ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கி பதினான்காவது வாரத்தில் மூடிவிடும். அதற்குள் ஹெல்மெட் போட்ட ஆள், தடியூன்றி நடக்கும் தாத்தா, பர்தா போட்ட அம்மா, டாரஸ் லாரி, செண்டை மேளம், திருவிழா வெடி எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்த குட்டி பிறகு இவற்றைக் கண்டுகொள்ளாது. நாலு மாதம் சுவரை மட்டும் பார்த்து வளர்ந்தது, ஒரு வயதில் கேஸ் சிலிண்டர்காரரைக் கடிக்கப் பாயும். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் வெடிக்குக் கட்டிலடியில் போய் நடுங்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மாதத்துக்கு ஒரு கோயில் கொடை, ஒரு சர்ச் திருவிழா. வெடிச்சத்தம் இல்லாத சீசன் என்று ஒன்று நமக்குக் கிடையாது.

ஆக, கண்ணும் காதும் வெளியே போக வேண்டும், கால் மட்டும் தரையில் படக் கூடாது. அதற்குத்தான் கார். உங்கள் குட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம் என்பதுதான் இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கார் என்றாலே அதற்கு இப்போது வாந்திதான் ஞாபகம் வரும், அதனால் முதலில் அதைச் சரிசெய்வோம்.

தொடக்கம் காரில் இல்லை, வீட்டு ஹாலில். ஒரு நல்ல கென்னல் பாக்ஸ் வாங்குங்கள். கெட்டி பிளாஸ்டிக்கில், முன்பக்கம் கம்பிக் கதவு வைத்து வருவது. குட்டி நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கினால் ஒவ்வொரு வளைவிலும் குட்டி உள்ளே உருளும், ஒரு மூலையில் மூத்திரம் பெய்துவிட்டு மறு மூலையில் நிம்மதியாகத் தூங்கும். லேப்ரடார் வேகமாக வளரும் சாதி என்பதால் வளர்ந்த நாயின் அளவில் வாங்கி, நடுவில் தடுப்பு வைத்துக்கொள்வதும் நல்ல வழி.

பெட்டியை வீட்டில் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். பாட்டியின் கட்டில் பக்கத்தில் என்றால் ரொம்ப நல்லது. கதவைப் பின்னால் மடக்கிக் கட்டிவிடுங்கள், தற்செயலாக ஆடிச் சாத்திக்கொண்டால் முதல் நாளே பயந்துவிடும். அடியில் பழைய துண்டு. அவித்த கோழிக்கறியை உப்பு, மசாலா இல்லாமல் கடுகளவு கடுகளவாகப் பிய்த்து, குட்டி பார்க்காத நேரத்தில் உள்ளே போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். தானாகக் கண்டுபிடித்து உள்ளே போவதற்கும், நீங்கள் பிடித்துத் தள்ளுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலில் பின்கால் இரண்டும் வெளியே இருக்க, கழுத்தை மட்டும் நீட்டி எடுக்கும். எடுக்கட்டும். அப்புறம் மூன்று கால் போகும், பிறகு முழுசாகப் போகும். ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் உள்ளே சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்து, சாப்பிடும் நேரம் மட்டும் கதவைச் சாத்துங்கள். தட்டு காலியாவதற்கும் கதவு திறப்பதற்கும் இடையில் உள்ள நேரத்தைப் பைய நீட்டுங்கள்.

தண்டனையாக மட்டும் அதில் அடைக்கக் கூடாது. செருப்பைக் கடித்தது என்று ஒரு நாள் திட்டிக்கொண்டே உள்ளே தள்ளினால் அதுவரை பட்ட பாடு வீண்.

ராத்திரி அழுகைக்கும் இதே பெட்டிதான். முதல் சில நாள் அதை உங்கள் படுக்கை ஓரத்தில் வைத்து, கம்பி வழியாக இரண்டு விரலை நுழைத்து வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்பது வாரக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. அதனால் நள்ளிரவு தாண்டி ஒரு தடவை எழுந்து வெளியே எடுக்கத்தான் வேண்டும். உங்கள் சொந்த முற்றத்தில், வேறு நாய் நுழையாத மூலை ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் அங்கே தூக்கிப் போங்கள். மூத்திரம் போனதும் அந்த நொடியிலேயே தீனி. வீட்டுக்குள் போய்விட்டால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மூக்கைத் தேய்க்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் குட்டி கற்றுக்கொள்வது ஆள் பார்க்காத இடமாகப் போக வேண்டும் என்பதை மட்டும்தான்.

இனி கார். போர்ட்டிகோவிலோ முற்றத்து நிழலிலோ காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நாலு கதவையும் திறந்துவிடுங்கள். முதலில் டேஷ்போர்டில் இருக்கும் பெர்ஃப்யூம் டப்பாவை எடுத்துவிடுங்கள். நமக்கே குமட்டுகிற வாசனை அது, நாயின் மூக்குக்கு எப்படி இருக்கும். கண்ணாடியில் தொங்கும் தோவாளைப் பிச்சிப்பூச் சரத்தையும் கொஞ்ச நாள் வீட்டுப் படத்துக்கு மாற்றிவிடுங்கள். போன தடவை வாந்தி எடுத்த இடத்தில் நாற்றம் மிச்சமிருந்தால் கால் வைக்கும் இடத்து விரிப்பைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

உங்கள் குட்டி நடையிலேயே உட்கார்ந்துவிடுகிறது என்றால், அங்கேயே தீனியைக் கொடுங்கள். அடுத்த வேளை இரண்டு அடி தள்ளி, அதற்கடுத்து டயர் பக்கம், அப்புறம் கதவடி. பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைக் கவனியுங்கள். பசி இல்லாதபோதும் உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முன்காலில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்பது, காதைப் பின்னால் ஒட்டவைப்பது, வாயோரம் எச்சில் நூலாக இறங்குவது. இதில் எது தெரிந்தாலும் ஒரு படி பின்வாங்க வேண்டும். வாந்தி வருவதற்கு வெகு முன்பே குட்டி இதையெல்லாம் சொல்லிவிடும், பார்க்கத்தான் ஆள் இல்லை.

உள்ளே ஏறிச் சாப்பிடும் அளவுக்கு வந்ததும், பழகின பெட்டியைக் காருக்குள் வையுங்கள். அது இருக்கும் இடம் வீடு என்று குட்டிக்கு ஏற்கெனவே தெரியும், பாதி வேலை முடிந்தது. கதவைச் சாத்தித் தீனி, இன்ஜினைப் போட்டுத் தீனி, அணைத்து இறங்கிவிடுங்கள். பிறகு கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்புவது, முக்குவரை போய் வருவது. நன்றாக வந்த அன்றே தக்கலைவரை ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஆசையை அடக்குங்கள். மழை பெய்யும்போது நின்ற காரில் குட்டியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதும் பயிற்சிதான், தகரத்தில் மழை விழும் சத்தம் குட்டிகளுக்குப் பெரிய சத்தம்.

வாந்தி ஏன் வருகிறது என்றால், காதின் உள்பக்கத்தில் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதி குட்டிகளுக்கு இன்னும் முதிர்ந்திருக்காது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். பயத்தால் வரும் வாந்தியும் உண்டு, அதற்குத்தான் மேலே சொன்னதெல்லாம். ஓட்டப் போகிற நாளில் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம். ராத்திரியிலிருந்தே பட்டினி போட வேண்டாம், சின்னக் குட்டிக்குச் சர்க்கரை இறங்கித் தளர்ந்துவிடும். ஏசி லேசாக, எதிர்ப்பக்கக் கண்ணாடி ஒரு விரல் இறக்கம். பெட்டியின் பக்கவாட்டில் மெல்லிய துணியைப் போட்டு மூடினால், ஓடுகிற மரங்கள் கண்ணில் படாமல் குமட்டல் குறையும். நம் ரோடு நாங்குநேரிப் பக்கத்து நாலுவழிச் சாலை மாதிரி நேராகப் போவதில்லை, நூறு மீட்டருக்கு ஒரு திருப்பம், நடுவில் பள்ளம், எதிரே பஸ். அதனால் வேகத்தைவிட பிரேக்கை மிதிக்கும் விதம்தான் முக்கியம். இத்தனைக்கும் பிறகு வாந்தி நிற்கவில்லை என்றால் மாரோபிட்டன்ட் என்ற மாத்திரை இருக்கிறது. பயண வாந்திக்கு அதை நாலு மாதம் ஆன நாய்களுக்குத்தான் கொடுப்பார்கள், அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மனிதர்கள் பஸ்ஸில் போகும்போது போடும் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கிற வேலை வேண்டாம்.

பெட்டியை எங்கே வைப்பது? முன்சீட்டுக்குப் பின்னால் உள்ள கால் வைக்கும் இடத்தில் அடங்கினால் அதுதான் நல்ல இடம். நாலு பக்கமும் முட்டுக் கிடைக்கும், ஆட்டமும் குறைவு. அங்கே கொள்ளாவிட்டால் பின்சீட்டில் வைத்து, நகராதபடி பெல்ட்டாலும் கயிற்றாலும் இறுக்கிக் கட்டுங்கள், அடியில் ரப்பர் ஷீட். ஆம்னி, பொலேரோ மாதிரி வண்டியின் கடைசிப் பகுதி பின்னாலிருந்து இடி வாங்கும் இடம், அங்கே வேண்டாம். முன்சீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்துக்குக் குட்டி தாங்காது. மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது அதைவிட மோசம். பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு குட்டி புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக ஆளையோ பொருளையோ வைக்கக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆவது பிரிவே சொல்கிறது.

வளர்ந்த பிறகு பெட்டி பிடிக்காத வீடுகள் நெஞ்சோடு சேர்த்துப் போடும் ஹார்னஸை வாங்கி, சிறிய வாரால் சீட் பெல்ட் பக்கிளோடு மாட்டலாம். கழுத்துப் பட்டையில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், திடீர் பிரேக்கில் கழுத்து போய்விடும். ஜன்னலில் தலையை நீட்டவிடுவதும் வேண்டாம். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் காரே ஒரு பக்கம் தள்ளும், அந்தக் காற்றில் வரும் மண் குட்டியின் கண்ணில் விழுந்தால் வாரக்கணக்கில் மருந்து ஊற்ற வேண்டியிருக்கும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் குட்டியை நிறுத்திக்கொண்டு போகிறவர்களை மார்த்தாண்டம் பாலத்தின் மேலேயே பார்க்கிறோம். அவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் ஆட்டோ பிடியுங்கள் என்பதுதான்.

வெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதில் ஒரு தப்பான தைரியம் இருக்கிறது. திருநெல்வேலி மாதிரி இங்கே சூடு இல்லை, கடல் காற்று அடிக்கிறது, ஐந்து நிமிடம் காரில் இருந்தால் என்ன என்று நினைக்கிறோம். வெளியே 30 டிகிரி இருந்தால் மூடின காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 40 டிகிரி ஆகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் வராது. அதோடு நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் நாக்கில் உள்ள ஈரம் ஆவியாகாது. கடலோரப் புழுக்கத்தில் துணி காய நேரமாகிறதே, அதே காரணம்தான். ஆகவே கொளச்சலில் மீன் வாங்க இறங்குகிற நேரத்துக்குக்கூடக் குட்டியைத் தனியாகக் காரில் விடாதீர்கள். ஒருவர் உள்ளே இருக்க வேண்டும், ஏசி ஓட வேண்டும்.

நிறுத்தாமல் இரைப்பது, எச்சில் கெட்டியாக வழிவது, ஈறு ரத்தச் சிவப்பாக மாறுவது, நடை தள்ளாடுவது எல்லாம் சூடு தாக்கியதன் அடையாளம். நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள், விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும்.

சரி, கார் பழகிவிட்டது. இப்போது அதை வைத்து உலகத்தைக் காட்டுங்கள். திங்கள்சந்தையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஓரமாக நிறுத்தி, பின்சீட்டில் குட்டியோடு உட்காருங்கள். ஒரு பஸ் ஹாரன் அடிக்கும், காது நிமிரும், உங்களைப் பார்க்கும். அந்த நேரத்தில் ஒரு துண்டுக் கறி. அடுத்த ஹாரனுக்குக் காது மட்டும் திரும்பும். கறிக்கு வாய் திறக்கிறவரை நல்லது. கறியை மறுத்தால் நீங்கள் நிற்கும் இடம் அதற்கு அதிகம், இன்னும் தள்ளி நிறுத்துங்கள். கனிமம் ஏற்றிக் கேரளாவுக்குப் போகும் லாரிகளை ரோட்டிலிருந்து விலகி நின்று காட்டலாம். முட்டம் கடற்கரையில் காருக்குள்ளிருந்தே அலைச் சத்தம், கோயில் கொடை நடந்தால் தொலைவில் நிறுத்தி மேளம். ஊசி போட்ட வளர்ந்த நாய் உள்ள தெரிந்தவர் வீடு இருந்தால் அங்கே போய், அவர்கள் முற்றத்தில் இறக்கலாம். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். குட்டி நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டிய வயசு.

வீட்டுப் பழக்கத்தில் இன்னொன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றவை தானாக வந்துவிடும். 'விடு' என்றால் வாயில் இருப்பதைப் போடப் பழக்குங்கள். பிடுங்கினால் குட்டி அவசரமாக விழுங்கக் கற்றுக்கொள்ளும். ஒரு கையில் கறியை மூக்கருகே நீட்டி, வாயில் இருப்பதைப் போட்டதும் கொடுங்கள், போட்ட பொருள் ஆபத்தில்லாதது என்றால் அதையும் திருப்பிக் கொடுங்கள். இது நம் பக்கத்தில் உயிர் காக்கும் பழக்கம். ரப்பர் தோட்டத்தில் காய் வெடித்துச் சிதறும் விதையிலும், பச்சை மரச்சீனியின் (மரவள்ளியின்) இலையிலும் தோலிலும் சயனைடாக மாறும் விஷம் இருக்கிறது. மரச்சீனி இலையைத் தின்று ஆடு செத்த கதை தெரியாத வீடு இங்கே இருக்காது, குட்டிக்கும் அதே ஆபத்துதான். முற்றத்தில் அரளி இருந்தால் வேலி கட்டுங்கள்.

மதுரைக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போக வேண்டாம், தம்பி. போக மட்டும் பல மணி நேரம் ஆகும். குட்டிக்கு அப்போது மூன்று மாதம் தாண்டியிருக்கும், ஊசி முடிந்திருக்காது. வழியில் இறக்க முடியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் மண்டபமும் பந்தியும், கீழே கிடக்கும் எலும்பும், ஆளுக்கு ஆள் தூக்கும் குழந்தைகளும். வீட்டில் ஒருவரை நிறுத்துங்கள், முடியாவிட்டால் குட்டிக்கு நன்றாகப் பழகின சொந்தக்காரர் வீட்டில் பெட்டியோடு விடுங்கள். அதற்காக இந்த வாரமே அந்த வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை காரில் போய் வாருங்கள், கார் பயிற்சிக்கும் ஆயிற்று. ஊசி எல்லாம் முடிந்த பிறகு நீண்ட பயணம் போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள், கதவைத் திறப்பதற்கு முன்னால் சங்கிலியை மாட்டிவிடுங்கள். நெடுஞ்சாலையோரத்தில் நாய்கள் தொலைவது பெரும்பாலும் அந்தக் கதவு திறக்கும் நேரத்தில்தான்.

இப்போதைக்கு அடுத்த ஊசி இருக்கிறது. அன்றுதான் முதல் தடவை கார் ஏறுவதாக இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, இறங்காமலே தீனி கொடுத்துத் திரும்பி வருவதை முன்னாலேயே செய்துவிடுங்கள். ஊசி நாளில் குட்டி காரிலேயே உங்களோடு இருக்கட்டும், வீட்டிலிருந்து இன்னொருவர் போய் வரிசையில் நிற்கட்டும். முறை வந்ததும் தூக்கிக்கொண்டு போங்கள். நோய் வந்த நாய்கள் வந்துபோகும் இடம் அது, தரையில் விட வேண்டாம், மேசையில் வைக்கும் முன் வீட்டுத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஊசி போடும்போது வாயருகே கறி இருக்கட்டும். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே நிழலில் காரில் இருந்து, முகம் வீங்குகிறதா, உடம்பில் தடிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.